தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

மார்ச் 4

இது யார் கையில் கிடைத்தாலும், கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாகப் பக்கத்து வீட்டுத் திலகாவிடம்.

இன்று அவளுக்குச் சொந்தப் பெயரில் சிம் கார்டு. சிரம்பானில் கடைக்காரனிடம் அடையாள அட்டையை, அதுதான் ஐசியை, நீட்டினாளாம். "குடுத்தேன், தட்டினான், முடிஞ்சிருச்சி லா!" வகுப்பில் எல்லாரிடமும் அந்த நீல அட்டை இருக்கிறது. எனக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. தேர்வுக்குப் பெயர் பதிய ஐசி நகல் எங்கே என்று டீச்சர் மறுபடியும் கேட்டுவிட்டார். அட்டையில் இருக்கும் படத்தில் திலகா முழித்துக்கொண்டிருக்கிறாள். அந்த முழி கூட எனக்கு வேண்டும்.

மார்ச் 7

லாபு சாலையில் போலீஸ். பஸ்ஸில் ஏறி ஐசி கேட்டார்கள். என் பள்ளிச் சீருடையைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். அடுத்த வருடம் சீருடை இருக்காதே?

மார்ச் 11

அம்மாவிடம் கத்திவிட்டேன். "ஒரு பேர எழுதி வைக்கறதுக்கு என்னாம்மா கஷ்டம்?"

எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நான் ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் தோட்டத்து லயத்து வீட்டிலேயே பிறந்துவிட்டேன். என்னைக் கையில் ஏந்தியது திலகாவின் அம்மா, பாஞ்சாலை அத்தை. பூசாரி சொன்னபடி ஒரு முறம் தவிடு கொடுத்து என்னை 'வாங்கி'யதும் அவர்தான். அடுத்தவர் பிள்ளை என்றால் சாவு தேடி வராதாம். என் பெயரை எங்கேயும் எழுதவும் கூடாதாம். "ஒரு வருசம் போவட்டும்னு இருந்தோம். அப்புறம் ஆபிஸ்ல ஏசுவாங்கன்னு பயந்துட்டோம்டி" என்று அம்மா அழுதார்.

சாவிடமிருந்து ஒளித்து வைத்தார்கள், சரி. எல்லாரிடமிருந்துமா?

மார்ச் 15

அப்பா போன வருடம் கொடுத்த மனுவுக்கு இப்போதுதான் பதிவு அலுவலகம் கூப்பிட்டிருக்கிறது. வரும் வியாழக்கிழமை விசாரணை. பிறந்ததைப் பார்த்தவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அத்தை தவிர யாரும் இல்லை.

திலகா வந்து உட்கார்ந்துகொண்டு, "தவிடு! ஒனக்காக எங்கம்மா லீவு போடறாங்க, தெரியுமில்ல?" என்று சிரித்தாள். அவள் போன பிறகு பார்த்தால், அவள் ஐசி எங்கள் மேசையில் கிடக்கிறது. கூப்பிட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. என் பென்சில் பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 16

திலகா வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடுகிறாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

மார்ச் 21

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

ஐசி தொலைந்ததைச் சொல்ல வேண்டும் என்று திலகாவும் எங்களோடு பதிவு அலுவலகத்துக்கு வந்தாள். பென்சில் பெட்டி என் பையில் இருந்தது. வீட்டில் விட்டுவரப் பயம்.

இந்தப் பெண்ணை எப்படித் தெரியும் என்று அதிகாரி அத்தையைக் கேட்டார். அத்தை தோட்டத்து மலாயில் பெருமையாக, "இனி புடாக் சாயா சுடா பெலி" என்றார். இந்தப் பிள்ளையை நான் வாங்கிவிட்டேன்!

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். யாரிடமிருந்து வாங்கினீர்கள்? அத்தை அம்மாவைக் காட்டினார். அவ்வளவுதான். இது பிள்ளை விற்ற விவகாரம், மேலதிகாரியைக் கூப்பிட வேண்டும் என்று எழுந்துவிட்டார். அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மலாய் தெரியும். ஆனால் ஒரு சொல் வரவில்லை. அத்தை ஓவென்று அழுது, "என் கையிலதான்யா பொறந்துச்சி!" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

திலகா எழுந்து முன்னால் போனாள். நான் விளக்கட்டுமா என்று நல்ல மலாயில் கேட்டாள். மொழிபெயர்ப்பதென்றால் உன் பெயரையும் எழுத வேண்டும், ஐசியைக் கொடு என்றார் அதிகாரி.

அவள் பேசவில்லை என்றால் யார் பேசுவார்கள்? பெட்டியைத் திறந்தேன். அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.

திலகா அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இப்போது என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று நினைத்தேன். அவள் அதிகாரி பக்கம் திரும்பி, தவிட்டையும் முறத்தையும் எனக்கு முன் செத்துப்போன இரண்டையும் பற்றிச் சொன்னாள். அதிகாரி மெதுவாக உட்கார்ந்தார். என் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டுத் தட்டினார். அது திரையில் வந்தபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டார். முடிவு கடிதத்தில் வரும் என்றார்கள்.

பஸ்ஸில் திலகா என் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கும்போது மட்டும், "எங்கம்மா எனக்காக எந்த ஆபிஸ்லயும் இப்படி அழுததில்ல" என்றாள். அவளுக்கு என்மேலா பொறாமை? என்மேலா?

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவள்தான். 'தவிடு' என்று கூப்பிடவில்லை. ஹேமவதி என்று முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறாள்.