கட்டிலைச் சுற்றும் நடை

"இன்னாங்க, விடியறதுக்கு முன்னாடியே சாமி சுத்துற மாதிரி கட்டிலைச் சுத்துறீங்க?"

"தினம் அரை மணி நேரம், கௌதமி. சின்னப் பழக்கம்தான். பத்து வருஷத்துல தொப்பை இருக்காது, பாரு!"

"அதுவரைக்கும் கட்டில் இருக்குமா?"

நேற்று நான் அப்படிக் கேட்டதற்கு உங்களுக்குக் கோபம். பேசினால் பழக்கம் கெட்டுவிடும் என்று இன்று வாயே திறக்காமல் சுற்றுகிறீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. சிலிண்டர்க்காரர் வந்தால் அவருக்கும் பழக்கத்தைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள். போன முறையே மீதிச் சில்லறையைக் கொடுக்காமலே ஓடிவிட்டார்.

பி.கு: வேலைக்குப் போகும் ரயிலுக்காக ஊரிகம் ஸ்டேஷன் வரை தினமும் இருட்டில் தனியாகத்தான் நடந்து போகிறேன். துணைக்கு வருவது தெரு நாய்கள்தான். கல்யாணமானதிலிருந்து கேட்க நினைத்து, கேட்காமலே இருந்துவிட்டேன். நாளையிலிருந்து அந்த அரை மணி நேரம் என்னோடு ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வாருங்களேன்.