கைப்பிடி கழன்ற கதவு

அன்புள்ள அப்பாவுக்கு உங்கள் மூத்தவள் எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை. நான் படிக்கும் பள்ளி நிர்வாகப் படிப்பில், இந்தப் பருவம் முழுக்க ஒரு பள்ளியில் ஹெச்.எம். அறையில் உட்கார்ந்து பயிற்சி. அவர் வெளியே போயிருந்தபோது கதவின் கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது, உள்ளே மாட்டிக்கொண்டேன். பக்கத்து வகுப்பில் ஆசிரியர் இல்லாமல் ஒரே கூச்சல். சுவரைத் தட்டி, "ஏழெட்டு எவ்வளவு?" என்று கத்தினேன். "அம்பத்தாறு" என்றது வகுப்பு. அப்படியே பதினாறாம் வாய்ப்பாடு வரை போனோம். ஒரு சிறுமி, "நீங்க எந்த கிளாஸ் டீச்சர்?" என்றாள். "பதினாறெட்டு எவ்வளவு, அதைச் சொல்லு" என்றேன்.

காவலாளி கதவைத் திறந்து, "பயந்துட்டீங்களா மேடம்?" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வந்திருக்கலாம்" என்றேன். சிரித்தார்.

வீட்டில் என் அலமாரியில், நான் பாடம் எடுத்தபோது பாதி தீர்ந்த சாக்பீஸ் டப்பா இருக்கும், அனுப்பி வையுங்கள். இங்கே அதற்கு வேலையில்லை. சும்மா பக்கத்தில் இருக்கட்டும்.

மணி அடிக்கப்போகிறது, ஓட வேண்டும். மகள் ஹெச்.எம். ஆகப்போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டீர்களாம், அம்மா சொன்னாள். சொல்லாத வீடு ஏதாவது மிச்சம் இருந்தால், அங்கே மட்டும் சொல்லாதீர்கள் அப்பா.