பச்சை விளக்குக்கு நான்கு நிமிடம்

நவம்பர் 4, செவ்வாய்

மீன்பிடிப் படகிலிருந்து கரைக்குச் செய்தி அனுப்பும் எங்கள் கருவிக்கு இன்று டெமோ. கொக்கிலமேட்டு ஐஸ் ஃபேக்டரி மாடியில் ரிசீவர். மூன்று கிலோமீட்டர் தள்ளி நின்ற சின்னராசு அண்ணனின் படகு, மீன் கூடையின் போட்டோவை ஒன்பது விநாடியில் அனுப்பியது. அதிகாரிகள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

காட்டியது பதினாறு நிலை முறை. ஒவ்வொரு துடிப்பும் பதினாறு விதங்களில் ஒன்றாகப் போகும், அதனால்தான் வேகம். நாற்பது கிலோமீட்டரில் சிக்னல் இளைத்து, பதினாறும் இரைச்சலில் குழம்பிவிடும். அங்கே இரண்டு நிலைதான் தாங்கும், அதுவும் மெதுவாக. சிக்னல் இவ்வளவு, இரைச்சல் இவ்வளவு என்றால் விநாடிக்கு இத்தனை எழுத்துதான். எந்தக் கெட்டிக்காரனாலும் அதைத் தாண்ட முடியாது.

டெமோ நடுவே கருவி தானாக மெதுவான முறைக்கு மாறி மானத்தை வாங்கிவிடும் என்று, மேனேஜர் ஷ்யாம் அந்த முறையை அணைக்கச் சொன்னார். அணைத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

மெதுவான முறையைத் திரும்பப் போட்டுவிடலாமா என்று ஷ்யாமிடம் கேட்டேன். "அடுத்த வாரம் இன்னொரு டெமோ இருக்கு ஜெனிட்டா. முடியட்டும்." அறிக்கையில் 'கடலுக்குத் தயார்' என்று கையெழுத்தும் போட்டேன். ஏன் போட்டேன்?

நவம்பர் 11, செவ்வாய்

படகு வரவில்லை. ஞாயிறு காலை போன மூன்று பேரும் நேற்றே திரும்பியிருக்க வேண்டும். திரையில் வெறும் இரைச்சல். தேடப் போகிறவர்கள் இடம் கேட்கிறார்கள்.

சின்னராசு அண்ணனின் மனைவி தமிழ்ச்செல்வி அக்கா மாடியேறி வந்தார். "இன்னாமா சொல்லுது உன் டப்பா? அது கீதுன்ற தைரியத்துலதான் அம்மாந்தூரம் போச்சுங்க."

"பாத்துட்டுதான் இருக்கேன்க்கா."

என்னத்தைப் பார்க்கிறேன்? அணைத்தவளே நான்தானே.

நவம்பர் 12, புதன்

காலை. நேற்றைய பதிவுகளை மறுபடி அலசினேன். இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒன்று, ஒரே அளவில், திரும்பத் திரும்ப. உதவிப் பொத்தான்! அமுக்கினால் படகு எண்ணும் இடமும் வரும்; கரையிலிருந்து பதில் போனால் கருவியில் பச்சை விளக்கு எரியும். ஒரு தரம் அமுக்கினால் போதும், சும்மா சும்மா அமுக்கினால் பேட்டரி போய்விடும் என்று சொல்லித்தான் கொடுத்தோம். இவர்கள் கேட்கவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு தரம்!

ஒவ்வொன்றும் தனியாகக் குப்பை. ஆனால் பதில் கிடைக்கும்வரை கருவி முதலில் அனுப்பிய செய்தியையேதான் அனுப்பும். அப்படியானால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டலாம் — இரைச்சல் தனக்குள்ளேயே அடித்துக்கொண்டு அடங்கும், செய்தி ஏறும். வரம்பை யாரும் மீறவில்லை. வேகத்தில் விட்டதை நேரத்தில் பிடிக்கிறோம்.

நூறு கூட்டினேன். ஒன்றுமில்லை. இருநூறில் படகு எண் மட்டும். முழுவதையும் கூட்டியதும் இடம் வந்தது. தேடப் போனவர்களிடம் போனில் பதற்றத்தில் தப்பாகச் சொல்லி, திருத்திச் சொன்னேன்.

மாலை நாலு மணி. மூன்று பேரும் உயிரோடு. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 15, சனி

அவர்கள் வீட்டுக்குப் போனேன். "இஞ்சினு பூட்ச்சு. பச்சை லைட்டு வரல. வரலன்னா போய்ச் சேரலன்னுதானே அர்த்தம்? மாத்தி மாத்தி அமுக்கிகினே இருந்தோம்" என்றார் சின்னராசு அண்ணன். கட்டைவிரலில் கொப்புளம்.

அக்கா வைத்த தோசையைத் தொடாமல் சொல்லிவிட்டேன். மெதுவான முறையை அணைத்தது நான். கையெழுத்து போட்டது நான். அது இருந்திருந்தால் முதல் தடவையே கிடைத்திருக்கும்.

அக்கா என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் சொன்னார்: "சரி பண்ணு. பண்ணிட்டு நீயும் எங்ககூட வா. அங்க வந்து நீ அமுக்கு. அப்பால பேசலாம்."

நவம்பர் 17, திங்கள்

கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக மெயில் அனுப்பினேன். "அப்ப தூரத்துல போட்டோ போகாதே?" என்றார் ஷ்யாம். போகாது என்றேன்.

டிசம்பர் 3, புதன்

அண்ணன் படகில், கரையிலிருந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர். இரண்டு முறை வாந்தி. கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. திரும்பப் போட்ட இரண்டு நிலை முறையில் செய்தி போய்ப் பதில் வர நான்கு நிமிடம். கணக்குப் போட்டவளே நான்தான்.

அமுக்கினேன். ஒரு நிமிடம். பச்சை இல்லை. அண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது நிமிடம் பச்சை எரிந்தது. அதற்குள் நான் ஆறு தரம் அமுக்கியிருந்தேன்.