கையைக் கட்டிக்கொள்ளும் வேலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம்தான். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா மாத்திரையைத் தவறாமல் போடுகிறாளா?

இங்கே நகராட்சி நூலகத்தில் பெரியவர்களுக்குச் செல்போன் பழக்கிவிடுகிறேன். ஒரே ஒரு விதிதான்: வருகிறவர் கையிலிருந்து போனை வாங்கவே கூடாது. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு வாயால்தான் சொல்ல வேண்டும்.

நேற்று ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் முதியோர் பஸ் பாஸுக்குப் போனிலேயே விண்ணப்பித்தார். ஒன்பது முறை தப்பாகப் போய், பத்தாவது முறை கிடைத்தது. "பெத்த அப்பாவுக்கு இன்னும் எவ்வளவு பொறுமையா சொல்லிக் குடுத்திருப்பே" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

போன லீவில் அத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "விடுங்கப்பா, உங்களுக்கு இதெல்லாம் வராது" என்று உங்கள் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். நீங்கள் சிரித்து மழுப்பினீர்கள். அன்றிலிருந்து போனைத் தொடுவதே இல்லையாம், அக்கா சொன்னாள்.

என் சாம்பல் நிற ஸ்வெட்டரை அனுப்பச் சொல்லுங்கள், இங்கே குளிர் அதிகம். அக்காவின் பழைய போர்வை இருந்தால் அதையும்.

வகுப்புக்கு ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு நீங்களே என்னைக் கூப்பிடுங்கள் அப்பா. யாரிடமும் கொடுக்காதீர்கள். பத்து முறை தப்பாகப் போகட்டும், நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறேன்.

உங்கள் மகன்