கடைசிப் பிள்ளை வீடு சேரும்வரை

கந்தப்பளை,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய போதகர் ஐயாவுக்கு, மரக்கறிக்கடை சுதாகரன் எழுதிக்கொள்வது. வேலூரில் போதகரம்மாவின் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததாம், சந்தோஷம். இங்கே ஓயாத மழை. கரட் விலை விழுந்து கிடக்கிறது. போனில் பேசினால் "ஜெபிப்போம் தம்பி" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் நாளை சென்னை வழியாக அங்கே வரும் வினோஜன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன சனிக்கிழமை வாலிபர் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தால், சபை வேனும் இல்லை, வாலிபர் ஊழியன் கிஷாந்தும் இல்லை. என் மகள் லோஜினியும் தோட்டத்து மேல் டிவிஷன் தனுஷிகாவும் குறுக்கு வழியாகத் தேயிலைக்குள் நடந்து, பனிமூட்டத்தில் வழி தவறிவிட்டார்கள். இருட்டிய பிறகு ரோட்டோரம் நின்று அழுதவர்களை என் கடை லொறி ஓட்டும் அன்ஸார் நானா பார்த்து லொறியில் ஏற்றி வந்தார். மகள் இன்னும் தூக்கத்தில் எழுந்து உட்காருகிறாள். எனக்கும் தூக்கமில்லை.

செயலாளர் அழகன் கொதிக்கிறார். "சம்பளம் வாங்குறவனுக்குப் பொறுப்பு வேணாமா? ஞாயித்துக்கிழமையோட நிப்பாட்டுங்க" என்கிறார். காணாமல் போனது என் பிள்ளை. கோபப்பட வேண்டியவன் நான். ஆனாலும் கேட்கிறேன். கிஷாந்தை வேலைக்கு வைத்த அன்று தலையில் கைவைத்து ஜெபித்தோம், மாலை போட்டோம், கேக் வெட்டினோம். என்ன வேலை, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒருத்தராவது சொன்னோமா? என் கடையில் கரட் கழுவ வருகிறவருக்கே முதல் நாள் அதைச் சொல்லிவிடுவேன். இவனை ஒருத்தர் நாற்காலி தூக்கச் சொல்கிறார், இன்னொருத்தர் காஸ் சிலிண்டர் எடுத்துவரச் சொல்கிறார். எல்லாருக்கும் "சரிங்க" சொல்லியே பழகிவிட்டான்.

எங்கே போனாய் என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "சும்மாதாங்கண்ணே" என்று நழுவப் பார்த்தான். அதட்டினேன். "நானுஓயா ஸ்டேஷனுக்குங்கண்ணே. போதகர் ஐயாவோட சொந்தக்காரங்கள ஏத்திட்டு வரச் சொல்லி ஐயாதான் போன் பண்ணாங்க. கமிட்டியில ஐயா பேர இழுத்துராதீங்க" என்று கும்பிட்டான். "ஏன்டா, எனக்கொரு போன் போட்டிருந்தா லொறிய அனுப்பியிருப்பேனே" என்று திட்டினேன். அது அவன் தப்பு; அதற்கு அவன் பதில் சொல்லட்டும். மற்றதைக் கமிட்டியில் நான் சொல்வதில்லை என்று அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இனிமேல் கூட்ட நேரத்தில் வேனும் அவனும் பிள்ளைகளுக்கு மட்டும். ஒரே ஆளுக்குப் பதில் சொல்லட்டும். கடைசிப் பிள்ளை வீடு சேர்ந்த பிறகுதான் அவன் வேலை முடியும். இவ்வளவும் சொல்லிக்கொடுத்த பிறகும் தவறினால், நிறுத்தச் சொல்லும் முதல் ஆள் நான்தான்.

அம்மாவுக்குக் கர்த்தர் பூரண சுகம் தரட்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. என் போனை மேசை நடுவில், எல்லாருக்கும் கேட்கும்படி வைத்திருப்பேன். வேலூரிலிருந்து அது மணியடிக்க வேண்டும், ஐயா.

உங்கள் சபைப் பிள்ளை,
சுதாகரன்