மாவடுக் காம்பு

1943 ஜூன் 9, புதன்

மாவடு ஜாடியைக் குலுக்கி வைத்தேன். ஓய்வு பெற்று இரண்டு மாதம். ஜாடியைக் குலுக்குவதும் தம்பி வரதுவுக்குச் சமைப்பதும்தான் வேலை.

மாலையில் வைஜயந்தி வந்தாள். என்னிடம் படித்த பெண். இப்போது எங்கள் பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியை. போன ஆகஸ்டு 'வெள்ளையனே வெளியேறு' ஸ்டிரைக்கில் விலக்கப்பட்ட ஆறு பெண்களையும் வருஷம் வீணாகாமல், கூடப் படித்தவர்களோடேயே திரும்பச் சேர்த்துக்கொள்ளப் பள்ளிக் கமிட்டியைச் சம்மதிக்க வைத்துவிட்டாளாம். மன்னிப்புக் கடிதம்கூட வேண்டாமாம். ஐந்து வீட்டில் சரி என்றுவிட்டார்கள். பொன்மலை அமலோற்பவம், எங்கள் அமலி, மட்டும் மாட்டேன் என்கிறாளாம்.

"நீங்க போனா வருவா டீச்சர். பொண்களுக்கு உங்கமேலதான் நம்பிக்கை."

வழக்கம்போல் ஓர் உதாரணம் சொன்னேன். உறை ஊற்றிய பாலை அசைத்துக்கொண்டே இருந்தால் தயிராகாது, நம்பிக்கையும் அப்படித்தான் என்று. அவள் அதை மெச்சிக்கொண்டே போனாள். எனக்குத்தான் வாய் கசந்தது.

ஜூன் 10

இந்த நோட்டில்கூட இதை நான் எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

பள்ளி வாசலில் ஸ்டிரைக் நோட்டீஸ் ஒட்டியிருந்த அன்று, பழைய தலைமையாசிரியை அதைக் கிழித்து வந்து மேஜைமேல் விரித்தார். யார் எழுதியது என்று என்னைக் கேட்கக்கூட இல்லை. நானேதான் எட்டிப் பார்த்தேன். "அட, நம்ம அமலி கைன்னா இது! எவ்வளவு லட்சணமா எழுதியிருக்கா பாருங்கோ!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

'து'வின் வாலை மாவடுக் காம்புபோல லேசாக வளைத்து நிறுத்து என்று முதல் பார வகுப்பில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எழுத்து முகம் மாதிரி, எங்கே கண்டாலும் இன்னாருடையது என்று தெரிய வேண்டும் என்பேன். தெரிந்தது.

மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, பள்ளிப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டதாக வாசித்தார்கள். நான் ஆசிரியைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 13, ஞாயிறு

பொன்மலைக்குப் போனேன். அமலியின் அப்பா சகாயநாதன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். இன்று லீவு.

"வாங்க டீச்சர், உக்காருங்க. காப்பி குடிப்பீங்களோ மாட்டீங்களோ, சோடா வாங்கியாரேன். அது பாட்டில்ல அடைச்சது, தோஷமில்லீங்க" என்று சிரித்தார். காப்பியே கொடுங்கள் என்றேன்.

மணப்பாறையிலிருந்து பெண் கேட்டு வந்திருக்கிறார்களாம். "இந்த மாசக் கடைசிக்குள்ள ஸ்கூலுக்குப் போறதுன்னா போகட்டும். இல்லாட்டி கல்யாண ஓலை எழுதிட வேண்டியதுதான். வீட்டுல உக்காத்தி வச்சு என்ன பண்றதுங்க?"

அமலி காப்பியை வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். அவளுக்கு வாத்தியார் டிரெயினிங் போக வேண்டும் என்று ஆசை. ஒரு காலத்தில் என்னிடம்தான் சொன்னாள். பின் ஏன் வர மறுக்கிறாய் என்றேன்.

"சுராயா அங்க இருக்காளே டீச்சர். நோட்டீஸ் எழுதறப்போ மைக்கூடு பிடிச்சுக்கிட்டு இருந்தது அவ ஒருத்திதான். அவ சொல்லாம வேற யாருக்குத் தெரியும்? பத்து மாசமா அவகூடப் பேச்சில்ல. அவ மூஞ்சில முழிக்கிறதுக்கு மணப்பாறையே மேல்."

சுராயா வகுப்பில் அவளுக்குப் பக்கத்து இடத்துப் பெண். ஐந்து வருஷம் ஒரே பெஞ்சு.

நான் என்ன செய்தேன்? காப்பி நன்றாயிருக்கிறது என்றேன். ஜட்கா வண்டி காத்திருக்கிறது என்றேன்.

ஜூன் 14

ஒரு பெண்ணின் பெயரை நொடியில் சொன்ன வாய், என் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறது.

ஜூன் 19

இரண்டு நாளாகச் சாதம் குழைந்துபோகிறது. "என்னக்கா, யோசனை எங்கே இருக்கு?" என்றான் வரது. சொன்னேன். அவன் குழைந்த சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தான். பிறகு, "பேசாம விட்டுடேன். பத்து மாசம் ஆயிடுத்து. உன் பேரு கெட்டுப்போகும்."

என் பேரு! சுராயா பேரு கெட்டுக் கிடக்கே, அதுக்கு யார் பதில் சொல்றது?

ஜூன் 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அமலியிடம், அவள் அப்பா எதிரிலேயே.

சகாயநாதன் எழுந்து நின்றுவிட்டார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அமலிதான் கேட்டாள். "அன்னிக்கு வரிசையில நின்னு என்னையே பாத்துக்கிட்டிருந்தீங்களே. நீங்க அழுதீங்க டீச்சர். எனக்காக அழறீங்கன்னு நெனச்சேன்."

உனக்காகத்தான் அழுதேன் என்று சொல்ல வந்தேன். அது முழு உண்மையா?

"எதுக்கு அப்படிப் பண்ணீங்க?"

"பெருமைல வாய் தவறிப் போச்சுடீ."

அவள் கொடியிலிருந்து தாவணியை எடுத்து மேலே போட்டுக்கொண்டாள். சுராயா வீட்டுக்கு என்றாள். நானும் வருகிறேன், ஜட்கா இருக்கிறது என்றேன்.

"வேணாங்க. நானே நடந்து போயிக்கிறேன்."

மூன்று மைல் இருக்கும். தெருத் திரும்பும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 28

வைஜயந்தியிடமிருந்து கார்டு. ஆறாவது பெண்ணும் சேர்ந்துவிட்டாளாம். பழைய பெஞ்சிலேயே, சுராயாவுக்குப் பக்கத்தில். "எல்லாம் உங்களால்தான்" என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கும் எழுதிவிட வேண்டும்.

ஜூன் 30

வைஜயந்திக்கு எல்லாவற்றையும் எழுதித் தபாலில் போட்டேன்.

ஜூலை 16, வெள்ளி

பதில் வரவில்லை. இன்று ப்யூன் தர்மராஜ் ஆறாம் பாரத்துக் கட்டுரை நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தான். "திருத்தித் தர முடியுமான்னு பெரிய டீச்சரம்மா கேக்கச் சொன்னாங்க." இதுதான் பதில்போலும்.

மேல் அட்டையைப் பார்க்காமல் ஒவ்வொன்றாகத் திறந்தேன். பழைய வழக்கம், கையெழுத்தைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவேன். சுராயாவைச் சொன்னேன். இன்னும் நாலைந்து பேரைச் சொன்னேன். ஒரு நோட்டு மட்டும் பிடிபடவில்லை. அச்சடித்ததுபோல் நெட்டுக்குத்தான எழுத்து. 'து'வெல்லாம் வால் நறுக்கி நின்றன. யாருடையதாகவும் இருக்கலாம். புதிதாகச் சேர்ந்த பெண்போல என்று நினைத்து அட்டையைத் திருப்பினேன்.

ச. அமலோற்பவம்.

பிழை ஒன்றுமில்லை. 'நல்ல கையெழுத்து' என்று போடப் பேனா போயிற்று. எழுதவில்லை. மதிப்பெண் மட்டும் போட்டு, மற்ற நோட்டுகளுக்கு நடுவில் வைத்தேன்.