பெயர் சொல்லாத பதினைந்து நாள்

12-6-72, திங்கள்

காலையிலிருந்து புழுதிக் காற்று. பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம். ஆய்வுக்கூடத்தில் அதற்குள் பீக்கர் இரண்டு உடைந்தாயிற்று. வாங்க வேண்டியவை: நீல மை, பல்பொடி, குடைக்குக் கம்பி.

சாயங்காலம் சங்கம். அச்சாபீஸ் மாடியில் ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, 'வாங்குவோர் நலச் சங்கம்' என்று ஒரு பலகை. செயலாளர் நான். வேறு யாரும் முன்வரவில்லை, அதனால் நான். வழக்கமாக வருகிற புகார்கள்: புளியில் கொட்டை, காபித்தூளில் புளியங்கொட்டை, சேலையில் சாயம் போனது. கடைக்காரரையும் வாங்கினவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசி, கையெழுத்து வாங்கி, காபி கொடுத்து அனுப்புவோம்.

இன்று வந்தவர் அரியக்குடி முத்துக்கருப்பன், விவசாயி. சாக்கைப் பிரித்தார். பித்தளை பம்ப் ஸ்டவ். அடித்தகடு பிய்ந்து வெளியே திரும்பியிருந்தது. பற்றவைத்த கோட்டை விரலால் தடவினேன். ஈயம் பாதிச் சுற்றுதான் ஓடியிருக்கிறது. அவர் மனைவிக்கு இரண்டு கையும் கழுத்தும் வெந்துபோயின. ஆஸ்பத்திரியில் வாழையிலையில் கிடத்தியிருக்கிறார்களாம்.

என்ன பரிகாரம் கேட்கிறீர்கள் என்று படிவத்தில் இருந்ததைக் கேட்டேன்.

"எனக்கு வேற ஸ்டவ்வு வேண்டாம் சார். இன்னொருத்தி கையில வெடிக்கக் கூடாது. அதுக்கு என்ன செய்யணுமோ செய்ங்க."

எந்தக் கடை? சுப்பையா பாத்திரக் கடை. அதை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. மகள் மீனாள் கல்யாணத்துக்குத் தையில் நான் வாங்கிக் கொடுத்த ஸ்டவ்வும் அந்தக் கடைதான். இதே உயரம், இதே மயில் முத்திரை.

மனைவி அழகம்மையிடம் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, மாங்காய் புளிப்பு என்று சாக்குச் சொன்னேன்.

13-6, செவ்வாய்

நோட்டீசை எடுத்துக்கொண்டு நானே சுப்பையா கடைக்குப் போனேன். சங்கத்தில் அவர் உபதலைவர் வேறு. எடைக்கல்லை எல்லாம் முத்திரை போட்டு வைத்திருக்கும் மனிதர். இதுவரை ஒரு புகார் கிடையாது.

வடக்கேயிருந்து இரண்டு டஜன் வந்ததாம். ஒன்று பாக்கி, மற்றதெல்லாம் தை, மாசி முகூர்த்தத்தில் போய்விட்டது. மற்ற யாரும் குறை சொல்லவில்லையே என்றார். அப்புறம் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"எல்லாம் கல்யாணச் சாமான்ல போனது சார். பரப்பி வச்சு, லிஸ்ட்டு வாசிச்சு, அறையில பூட்டிருப்பாக. எவுக பத்த வச்சுப் பாத்துருக்கப் போறாக?"

உண்மைதான். பாத்திரம் கொடுப்பது நாலு பேர் பார்ப்பதற்கு. புழங்குவதற்கு என்று வாங்கியவர் முத்துக்கருப்பன் ஒருவர்தான், வெந்ததும் அவர் வீட்டில்தான். மீதி இருபத்திரண்டும் எங்கெங்கோ பூட்டிய அறைகளில், வைக்கோல் கூடப் பிரிக்காமல் இருக்கின்றன.

கிளம்பும்போது மெதுவாக ஒன்று சொன்னார். அவர் மச்சினர் எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டிக்கு இந்த வருஷம் வந்திருக்கிறாராம். வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். ஐம்பது வயதில் வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

15-6, வியாழன்

மீனாளிடமிருந்து கடிதம். கீழச்சிவல்பட்டியில் அவர்களை வேறு வைக்கிறார்களாம், வருகிற வியாழன் 22ஆம் தேதி. அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனி அடுப்படி. செலவு ஒன்றாகப் போகட்டும் என்று சின்ன மருமகளையும் அன்றைக்கே. 'அப்பச்சி, நீங்க வாங்கிக் கொடுத்த ஸ்டவ்விலேதான் முதல் பால் காய்ச்சப் போறேன். புகை இல்லாம இருக்கும்' என்று எழுதியிருக்கிறாள்.

அழகம்மை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். மூன்று தரமும் அந்த வரியில் நின்றுவிட்டேன். மகள் பிரிவை நினைத்து என்று எண்ணிக்கொண்டாள்.

16-6, வெள்ளி

சங்கத் தலைவரான வக்கீலின் வீட்டுக்குப் போனேன். கடைப் பெயரைச் சொல்லி ஊருக்கு எச்சரிக்கை கொடுத்தால் என்ன என்று கேட்டேன். விதிப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். ஏழாம் விதி: புகார் வந்த பதினைந்து நாள் வரை கடையின் பெயர் அறைக்கு வெளியே போகக் கூடாது.

எழுதியது யார்? நான்தான். அந்த ஒரு விதியைக் காட்டித்தான் கடைக்காரர்களைச் சங்கத்தில் சேர்த்தேன். பேர் கெடாது, பேசித் தீர்க்கலாம் என்று ஒவ்வொரு கடையாகப் படியேறிச் சொன்னவனும் நான். அதை நானே மீறினால் ஒரு கடை நிற்காது, சங்கம் ஒரே நாளில் கலைந்துவிடும் என்கிறார் தலைவர். அவர் சொல்வது தப்பில்லை.

பதினைந்தாம் நாள் 27. பால் காய்ச்சுவது 22.

17-6, சனி

மீனாளுக்கு எழுதினேன். இரண்டு தரம் கிழித்தேன். மூன்றாவதில்: ஸ்டவ்வைத் தொடாதே, விறகடுப்பிலேயே காய்ச்சு, காரணம் நேரில் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. கடைசி இரண்டு சொல்லுக்கும் அடிக்கோடு போட்டேன்.

தபால் பெட்டியில் போட்டதும் மூச்சு வந்தது. அரை மணி நேரம் நன்றாக இருந்தேன். கதம்பம் கூட வாங்கினேன்.

பிறகு ஆஸ்பத்திரி. முத்துக்கருப்பன் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார். உள்ளே அவர் மனைவி முனகுவது வராந்தா வரை கேட்டது.

"வேற யாருக்காச்சும் சொல்லிட்டீகளா சார்?"

இல்லை, விதி அப்படி என்றேன். அவர் தலையாட்டினார். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது சும்மாவா? ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வீடு வரை யாரோ பின்னால் வருகிற மாதிரியே இருந்தது.

18-6, ஞாயிறு

விசாரணை. சுப்பையா பாக்கி இருந்த அந்த ஒரு ஸ்டவ்வைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். மண்ணெண்ணெய் ஊற்றி, பம்ப் அடித்து, பற்ற வைத்தார். நான் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். நீலமாக எரிந்தது. பத்து நிமிஷம், கால் மணி. அதிலேயே எல்லோருக்கும் காபி போட்டார்கள்.

"சார் கதவுக்கு அங்குட்டு நிக்கிறாக பாரு, ராக்கெட்டு விடுற மாதிரி" என்றார் ஜவுளிக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். முத்துக்கருப்பன் சிரிக்கவில்லை.

ஒன்று நன்றாக எரிந்தால் எல்லாம் நன்றாக எரியும் என்று எந்தப் பாடத்தில் இருக்கிறது? ஸ்டவ்வைத் தண்ணீரில் முக்கிக் காற்றடித்தால் விரிசலில் குமிழி வரும், ஆய்வுக்கூடத்தில் பார்த்துவிடலாம், கொடுங்கள் என்றேன். நனைந்த சாமானை அப்புறம் யார் வாங்குவார்கள் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வைத்தியச் செலவு சுப்பையா ஏற்பதாகச் சமரசம். முத்துக்கருப்பன் கையெழுத்துப் போடவில்லை.

20-6, செவ்வாய்

மூன்றாவது பீரியட் முடிந்து வந்தால் மேசையில் மீனாளின் கார்டு. அப்படியே எழுதி வைக்கிறேன்.

'அப்பச்சி, கடிதம் கிடைத்தது. நான் தொடவில்லை. வள்ளிக்கும் அவுக வீட்டில் அதே ஸ்டவ்தான் கொடுத்திருக்காக, மயில் போட்டது. அவளும் அன்னைக்குத்தான் பத்த வைக்கப் போறா. அவகிட்ட மட்டும் சொல்லலாமா? நீங்க சொல்லக் கூடாதுன்னு கோடு போட்டிருக்கீக.'

வள்ளி அவளுடைய ஓரகத்தி, அந்தச் சின்ன மருமகள். பத்தொன்பது வயது. கல்யாணத்தில் என் காலில் விழுந்து திருநீறு வாங்கினாள்.

பயம் என்றால் என்ன என்று இன்றுதான் தெரிந்தது. இத்தனை நாள் இருந்தது வேலை போகுமே என்பது, மகளுக்கு ஆகிவிடுமே என்பது. இது என்னை நினைத்தே பயம். கோடு போட்ட கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நாலாவது பீரியடை விட்டுவிட்டுத் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். 'எல்லோரிடமும் சொல். அப்பச்சி.' எப்போது போய்ச் சேரும் என்று கேட்டேன். இன்றைக்கும் போகலாம், நாளைக்கும் போகலாம் என்றார் குமாஸ்தா.

சரி, மற்ற இருபது வீட்டுக்கு யார் தந்தி கொடுப்பது?

21-6, புதன்

லீவு. காரணம்: வயிற்றுப்போக்கு. பொய்யில்லை.

சினிமாக் கொட்டகை விளம்பர வண்டி, மைக்கோடு அரை நாள் வாடகைக்கு. பேசுகிற ஆளுக்குக் காய்ச்சல், நீங்களே பேசுங்கள் என்றார் வண்டிக்காரர். தாளில் எழுதி வைத்திருந்ததை முதல் இரண்டு தெருவில் கடைப் பெயர் இல்லாமல் வாசித்தேன். மயில் முத்திரை பம்ப் ஸ்டவ், பற்ற வைக்க வேண்டாம், சங்கத்துக்குக் கொண்டு வரவும். ஜனங்கள் சினிமா என்று நினைத்து வந்து, ஏமாந்து போனார்கள்.

"எந்தக் கடைன்னு சொல்லாட்டி யாரு சார் அறையத் தொறந்து பாப்பாக?" என்றார் வண்டிக்காரர்.

கடைத்தெருவுக்குத் திரும்பினோம். சுப்பையா வாசலில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பெயரைச் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மைக்கில் தெரு முழுக்கக் கேட்டதாம். அவர் உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மாலைக்குள் சங்கத்துக்கு வந்தவை: ஸ்டவ் ஏழு, கடைக்காரர்களின் ராஜினாமா ஐந்து, தலைவர் கடிதம் ஒன்று. கடிதத்தைப் பிரிக்கவில்லை. ஏழு ஸ்டவ்வையும் தொட்டித் தண்ணீரில் முக்கிக் காற்றடித்தேன். இரண்டில் குமிழி வரிசையாகக் கிளம்பியது. சரியாகச் சொன்னோம் என்று சந்தோஷம் வரவில்லை.

கீழச்சிவல்பட்டியிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

22-6, வியாழன்

முதல் பஸ். அழகம்மையிடம் வழியில்தான் எல்லாம் சொன்னேன். ஊர் வரும் வரை அவள் சீர்ப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் விறகுப் புகை வாசனை. அதை மோந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு அடுப்படியிலும் பால் பொங்கிவிட்டது. இரண்டு ஸ்டவ்வும் வளவு முற்றத்தின் மூலையில், சாக்கின் மேல். மீனாள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என் பக்கம் வரக் கொஞ்சம் நேரம் ஆனது.

சம்பந்தியம்மா உட்காரச் சொன்னார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. தந்தி நேற்று மாலைதான் வந்ததாம். என் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டதாம். இந்த வீட்டுக்கு வருகிற கடிதத்தை அவர்கள்தான் முதலில் பிரிப்பார்களாம். அன்றைக்கே இரண்டு ஸ்டவ்வையும் எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள், மருமகள்களிடம் சொல்லாமலேயே. மீனாள் எனக்குக் கார்டு எழுதியது அது தெரியாமல்.

விசிறியை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்கள். குரலை உயர்த்தவே இல்லை.

"வள்ளிக்கும் ஒரு அப்பச்சி இருக்காக, சம்பந்தி. அவுகளுக்கு யாரு எழுதுவா?"

காபி கொண்டுவந்து வைத்தது வள்ளி. டம்ளரைத்தான் பார்த்தேன்.